பொதுப் பெயரேடும் கணிப்பொறிகளும்

கல்லூரியிற் சேரும் மாணாக்கர் ஒவ்வொருவருடைய பெயரும் அலுவலகத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒருமுறை எழுதப்படுகின்றது. அவ்வாறன்றி, வகுப்புத்தோறும் விடுதிதோறும் தனித்தனிப் பதிவேடு வைத்து, ஒருவருக்கே வெவ்வேறு எண் கொடுத்தால் விளையும் குழப்பத்தை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் கணிப்பொறிக் கூடங்களில் இக்குழப்பம் எளிதில் நேர்கின்றது.

லினக்ஸ் முறையில் இயங்கும் பொறி மனிதரைப் பெயரால் அறிவதன்று, எண்ணால் அறிவது. கணக்குத் தொடங்கும் வரிசைப்படி 1000, 1001 என எண்கள் அமைவது வழக்கம். ஒரு பொறியில் 1001 பழனிச்சாமியாயின், அடுத்ததில் அதே எண் மருதாசலமாகலாம். கோப்புகளைப் பொதுவான ஓரிடத்தில் வைத்து எல்லாப் பொறிகளுக்கும் திறந்துவிட்டால், முன்னவர் எழுதிய ஆய்வுரையைப் பின்னவர் அழிக்கவும் இயலும். இஃது ஏடு பலவாய் இருந்ததன் தீங்கேயாம்.

இதற்குப் பரிகாரம் பொதுப் பெயரேடு. தொலைபேசிப் பெயர்ப்புத்தகத்தை ஒத்த எக்ஸ்.500 என்னும் முறை 1988-இல் வகுக்கப்பட்டது. அது மிகப் பெரிதாயிருந்தமையின், மிச்சிகன் பல்கலைக்கழகத்து டிம் ஹவுஸ் முதலியோர் அதனை எளிதாக்கி 1993-இல் எல்டாப் முறையை வெளியிட்டனர்.

ஒரு பொறியை இவ்வேட்டுடன் இணைக்குமாறு கூறுவோம். முதலாவது, பொறியின் கடிகாரம் சர்வரின் கடிகாரத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். இன்றேல் சான்றிதழ் செல்லாததாகத் தோன்றக்கூடும். இரண்டாவது, எஸ்.எஸ்.எஸ்.டி. என்னும் பணிநிரலின் கோப்பில் சர்வரின் முகவரியையும், ஏட்டில் தேடத் தொடங்கும் இடத்தையும் எழுதுக. மூன்றாவது, சர்வரின் சான்றிதழைப் பொறி நம்புமாறு செய்க. மறைகுறியீடின்றி 389-ஆம் வாயிலிற் செல்லும் கடவுச்சொல், உறையிடாத கடிதம் போன்றது. நான்காவது, பெயர்களை முதலில் உள்ளூர்க் கோப்பிலும், பின்னரே பொதுவேட்டிலும் தேடுமாறு அமைக்க. அப்பொழுதுதான் சர்வர் நின்ற நாளிலும் பொறுப்பாளர் தம் கணக்கால் உள்ளே புக முடியும். இறுதியாக, இரண்டு பொறிகளில் ஒரே மாணாக்கரின் பெயரை வினவி, ஒரே எண் வருகின்றதா என்று காண்க. பழைய கோப்புகளின் உரிமையையும் புதிய எண்ணுக்கு மாற்றுதல் வேண்டும்.

பொறி வேலை இவ்வளவே. ஆனால் பெயர் எழுதுவதில் நம் நாட்டார்க்கு ஒரு தனி இடர் உண்டு. எல்டாப் ஏட்டின் மனிதர் பதிவு, முழுப்பெயரோடு குடும்பப்பெயரையும் கட்டாயமாகக் கேட்கின்றது. நம்மிற் பலருக்கோ தந்தை பெயரின் முதலெழுத்தேயன்றிக் குடும்பப்பெயர் இல்லை. அன்றியும், பழனி, மருதமலை, சென்னிமலை முருகன் பெயர்களை மக்களுக்கிடும் கொங்குநாட்டில், ஒரே வகுப்பில் ஒரே முதலெழுத்துடன் இரு பழனிச்சாமிகள் இருத்தல் அரிதன்று. ஆதலின் அடையாளமாகப் பெயரைக் கொள்ளாது, சேர்க்கை எண்ணையே கொள்ளுதல் நன்று. குடும்பப்பெயர்க் கட்டத்தில் எதை எழுதுவது என்பதை முன்னரே முடிவுசெய்து, எல்லார்க்கும் அவ்வாறே எழுதுக. 1997-இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் தமிழெழுத்திலும் பெயரைப் பதியலாம்.

கல்லூரியை விட்டு நீங்கியவரின் கணக்கை ஓரிடத்தில் மூடினால், அவ்வேட்டை நம்பும் பொறிகள் யாவும் புதிய நுழைவை மறுக்கும். ஆனால் அவர் எண்ணை மற்றொருவர்க்கு ஒருபோதும் வழங்கலாகாது. வழங்கின், அவர் விட்டுச்சென்ற கோப்புகளெல்லாம் புதியவர்க்கு உரிமையாகிவிடும்.