உப்புக்காற்றில் ஓடும் கணினி விசிறி

கணினியை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ‘சிபியூ ஃபேன் எரர்’ என்று வந்தால் பதற வேண்டாம். பிராசஸர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் விசிறிதான் நின்றிருக்கும். சென்னைக்காரர் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய் வேறு வாங்கிவிடுவார். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய அந்தமானின் போர்ட் பிளேரோ சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,360 கி.மீ. கடல் தாண்டி இருக்கிறது. 2020 ஆகஸ்டில் கடலடிக் கேபிள் வந்தபின் தகவல் நொடியில் வந்துவிடுகிறது. உதிரிபாகம் அப்படி வருமா? கப்பலில் சுமார் மூன்று நாள்.

ஆகவே, இருப்பதைச் சரிசெய்து பார்ப்பதே புத்திசாலித்தனம்.

12 வோல்ட்டில் ஓடும் இந்த மோட்டாரில் கார்பன் பிரஷ் கிடையாது. இறக்கையின் குடத்துக்குள் வளையக் காந்தம், நடுவே செப்புச் சுருள், காந்தம் திரும்புவதைக் கவனிக்க ஒரு ஹால் சென்சார். தேய்வதென்றால் பேரிங்தான் தேய வேண்டும். மலிவான விசிறிகளில் அது எண்ணெய் ஊறிய ஒரு புஷ். எண்ணெய் வற்றினால் முதலில் கரகரக்கும், பிறகு இறுகும்.

தீவில் இதை விரைவுபடுத்துவது உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். ஆண்டுக்கு 3,000 மி.மீ. அளவுக்கு மழை கொட்டும் அந்தமானில் காற்று பெரும்பாலான மாதங்களில் அப்படித்தான் இருக்கிறது. உப்பும் தூசியும் சேர்ந்து பசைபோல இறக்கையில் அப்பிக்கொள்ளும். தண்டில் துரு ஏறும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இறக்கையை விரலால் தட்டிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் பேரிங்கில் குறையில்லை. வயரையோ இணைப்பையோ சந்தேகிக்கலாம். விசிறி ஓடியும் ‘எரர்’ வந்தால், வேகத்தை மதர்போர்டுக்குச் சொல்லும் மூன்றாவது வயர் அறுந்திருக்கக்கூடும். இறுகியிருந்தால், பிரஷ்ஷால் அழுக்கை எடுத்துவிட்டு, நடுவிலுள்ள ஸ்டிக்கரை மெல்ல உரித்து, தையல் மெஷின் எண்ணெய் ஓரிரு துளி விடலாம். தீவில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய்தான், ஆனால் அது நாளடைவில் பிசுக்கேறும். வழிந்த எண்ணெயைத் துடைக்காமல் ஸ்டிக்கர் ஒட்டாது. ஒட்டாவிட்டால் உப்புக்காற்று நேரே உள்ளே போகும்.

பவர் சப்ளை பெட்டிக்குள் இருக்கும் விசிறிக்கு மட்டும் இந்த வைத்தியம் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். அதை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.