போதையும் சாலையும் : சட்டம் இடும் கோடு

அறிவு, இறைவன் மனிதனிடம் ஒப்படைத்த அமானிதம். மதுவைக் குறிக்கும் ‘கம்ர்’ என்னும் அரபுச் சொல்லின் வேர்ப்பொருள் ‘மறைப்பது’ என்பதாகும். அறிவை மறைப்பதனாலேயே போதை தரும் யாவும் இசுலாத்தில் விலக்கப்பட்டன. வள்ளுவப் பெருந்தகையும் கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அறநூல்கள் போதையை முற்றிலும் கடிகின்றன. நாட்டின் சட்டமோ அதனைப் பல தரமாகப் பகுத்துக் காண்கிறது. இப்பகுப்பை அறியாமையால் நம் குடும்பங்கள் பல அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சுகின்றன. அஞ்ச வேண்டிய இடத்தில் வாளா இருந்துவிடுகின்றன. ஆகவே அதனை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

போதைப் பொருள் சட்டம்

போதைப் பொருள்கள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டம் 1985ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கைப்பற்றப்பட்ட பொருளின் அளவே இதில் தண்டனையை முடிவு செய்கிறது. கஞ்சாவைப் பொறுத்தவரை ஒரு கிலோ வரை சிறு அளவு. 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. சிறு அளவுக்கு ஓராண்டு வரை கடுங்காவல் தண்டனை விதிக்கலாம். இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை விதிக்கலாம். வணிக அளவுக்கோ பத்தாண்டுக்குக் குறையாமல் இருபதாண்டு வரை தண்டனை உண்டு. கஞ்சாவை உட்கொள்வதும் ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றமே.

எனினும் இச்சட்டத்தில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர் மீது உட்கொண்டமைக்காகவோ சிறு அளவு வைத்திருந்தமைக்காகவோ குற்றம் சாட்டப்பட்டிருப்பினும், அவர் தாமே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்பு பெற்ற நிலையத்திலோ சிகிச்சை பெற்றால், அக்குற்றத்திற்கான வழக்கிலிருந்து அவருக்கு விலக்களிக்கிறது 64-ஏ பிரிவு. சிகிச்சையை இடையில் கைவிட்டால் அவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம். விற்பவனைத் தண்டிக்க முனையும் சட்டம், வீழ்ந்தவனை எடுத்து நிறுத்தவும் விரும்புகிறது என்க.

வாகனச் சட்டம்

இக்கதவு சாலையில் இல்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது கலந்த நிலையில் வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. கஞ்சா முதலிய பொருள்களுக்கு இத்தகைய எண் எதனையும் அப்பிரிவு வரையறுக்கவில்லை. வண்டியைத் தக்கவாறு கட்டுப்படுத்த இயலாத நிலையில் இருந்தாரா என்பதே வினா. ‘ஊதிப் பார்த்தால் தெரியாது’ என எண்ணுவார் உளர். மூச்சுக் கருவியில் தெரியாதது இரத்தச் சோதனையில் தெரியும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஆய்வகச் சோதனையையும் இப்பிரிவில் சேர்த்துள்ளது.

முதற்குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் ஈராண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இக்குற்றத்திற்குத் துணை நின்றவருக்கும் அதே தண்டனை என்கிறது 188ஆம் பிரிவு. போதையில் இருப்பதை அறிந்தே நண்பனிடம் சாவியைக் கொடுக்கும் மாணவர் இதனை நினைவிற் கொள்க.

உயிர் போகுமாயின்

2006ஆம் ஆண்டு நவம்பரில் மும்பை பாந்திராப் பகுதியில் மது அருந்தியவர் ஓட்டிய கார் மோதி, சாலையோரம் உறங்கிய ஏழு தொழிலாளர் மாண்டனர். 2012இல் உச்ச நீதிமன்றம் இதனை வெறும் கவனக்குறைவாகக் கொள்ளவில்லை. உயிர் போகக்கூடும் என்று அறிந்தே செய்த செயலாகக் கருதி, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்திற்கான மூன்றாண்டுச் சிறைத் தண்டனையை உறுதி செய்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. விளைவை அறிந்தே செய்ததாயின் பத்தாண்டு வரை செல்லும்.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற கே. பாலு வழக்கில்தான் 2016 டிசம்பரில் நெடுஞ்சாலை ஓர மதுக்கடைகளுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அத்தடை பின்னர்ப் பலவாறு தளர்த்தப்பட்டது. ஆகவே கடைகளை அகற்றும் ஆணைகளை மட்டுமே நம்பி நாம் இருத்தல் இயலாது.

நம் கடமை

சிதம்பரத்திலிருந்து வெள்ளாற்றைக் கடந்து புவனகிரி, சேத்தியாத்தோப்பு வழியாகச் செல்லும் சாலையில் பேருந்தும் கரும்பு வண்டியும் பள்ளிப் பிள்ளைகளின் மிதிவண்டியும் ஒன்றாகவே செல்கின்றன. தன்னைக் கெடுத்துக்கொள்பவன், பிறர் உயிரைக் கெடுப்பவனாக மாறும் இடம் அதுவே. சட்டம் இடும் கோடும் அதுவே.

மகன் போதையில் வீழ்ந்ததை ஊர் அறிந்தால் மானம் போகும் எனப் பெற்றோர் மறைக்கின்றனர். ஆனால் வண்டியை மட்டும் அவனிடமே விட்டுவைக்கின்றனர். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானதாகும். முதலில் சாவியை வாங்கிக்கொள்க. அடுத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்க. அண்ணாமலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. 14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். ஜமாஅத் பெரியவர்களும் அத்தகைய குடும்பத்தை ஒதுக்காது, மறையாது வந்து உதவி கேட்கும் துணிவை அதற்கு அளித்தல் வேண்டும்.

திறந்திருக்கும் கதவை நம் வெட்கத்தால் அடைத்துவிடாதிருப்போமாக!