ஆறுதலும் தேறுதலும்: முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் ஓட்டத்திற்குத் திரும்புதல்

ஆய்வுச் சுருக்கம்

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் மீண்டும் ஓடத் தொடங்கும் காலத்தை நாட்கணக்கைக் கொண்டே முடிவு செய்யும் வழக்கம் பரவலாக உள்ளது. திசு ஆறுவதும் தசை தேறுவதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதையும், நாட்கணக்கு இவற்றுள் முதலாவதற்கு மட்டுமே ஓரளவு பொருந்தும் என்பதையும் முன் சிலுவைத் தசைநார் சிகிச்சையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முன் சிலுவைத் தசைநார், மாற்று நார், தொடை முன்தசை, ஓட்டம், மறுவாழ்வுப் பயிற்சி.

முன்னுரை

தமிழில் புண் ‘ஆறியது’ என்கிறோம். உடம்பு ‘தேறியது’ என்கிறோம். முன்னது காயம் கூடுவதையும் பின்னது இழந்த வலிமை மீள்வதையும் குறிக்கும். அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஓட்டக்காரர் பெரும்பாலும் முதலில் கேட்பது, ‘எத்தனை நாளில் ஓடலாம்?’ என்பதே. இவ்வினா ஆறுதலை மட்டும் கருதுகிறது. தேறுதலைக் கணக்கில் கொள்வதில்லை. இந்த வேறுபாடு புறக்கணிக்கப்படும்போது மீண்டும் காயமுறும் வாய்ப்பு மிகுகிறது.

நீக்கமும் பதிலீடும்

அமெரிக்க மாரத்தான் வீராங்கனை ஜோன் பெனாய்ட் 1984 ஏப்ரலில் முழங்காலில் நுண்துளை அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 17 நாட்களுக்குப் பின் நடந்த ஒலிம்பிக் தகுதி ஓட்டத்தில் வென்றார். அவ்வாண்டு ஆகஸ்ட் 5 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் நடைபெற்ற முதல் மகளிர் ஒலிம்பிக் மாரத்தானில் 2 மணி 24 நிமிடம் 52 நொடிகளில் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார். இந்நிகழ்வு மனவுறுதிக்குச் சான்றாகவே பெரிதும் எடுத்தாளப்படுகிறது. ஆயின், அவருக்குச் செய்யப்பட்டது மூட்டின் அசைவுக்கு இடையூறாக இருந்த திசுவை நீக்கும் சிகிச்சையாகும். அங்குப் புதிதாக எதுவும் பொருத்தப்படவில்லை. எனவே பொருத்தியது உறுதிப்படும்வரை காத்திருக்கும் தேவையும் எழவில்லை.

முன் சிலுவைத் தசைநார் சிகிச்சை இதனின்று வேறுபட்டது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் இந்நார், கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் காக்கிறது. இது அறுந்தால், பெரும்பாலும் நோயாளியின் தொடைப் பின்தசை நாணிலிருந்தோ முழங்காற்சில்லுக்குக் கீழுள்ள நாணிலிருந்தோ ஒரு பகுதி எடுக்கப்பட்டு அவ்விடத்தில் பொருத்தப்படுகிறது. அப்பகுதியை இங்கு ‘மாற்று நார்’ எனக் குறிப்பிடலாம்.

ஆறுதல்: மாற்று நாரின் மாற்றம்

பொருத்தப்பட்ட தொடக்கத்தில் மாற்று நாருக்கு இரத்த ஓட்டம் இல்லை. அதிலுள்ள உயிரணுக்களில் பெரும்பகுதி மடிகின்றன. பின்னர்ப் புதிய இரத்தக் குழாய்களும் உயிரணுக்களும் உட்புகுந்து, பழைய இழைகளைக் கரைத்துப் புதியவற்றை அமைக்கின்றன. இந்த இடைக்காலத்தில் நாரின் வலிமை, பொருத்திய நாளில் இருந்ததைவிடக் குறைகிறது. இதனை விலங்காய்வுகள் தெளிவாகக் காட்டியுள்ளன. மனிதரிடத்தில் இம்மாற்றம் முழுமை பெறப் பல மாதங்கள் ஆகும்.

இங்கு ஒரு முரண் எழுகிறது. அறுவை முடிந்த சில வாரங்களில் வலி தணிகிறது, நடை சீராகிறது, நோயாளி நலமடைந்துவிட்டதாக உணர்கிறார். உள்ளே மாற்று நாரோ இன்னும் வலுக்குன்றிய நிலையில் இருக்கிறது. ஆகவே வலியின்மையை ஆறுதலின் அடையாளமாகக் கொள்ள இயலாது.

தேறுதல்: தொடை முன்தசையின் மீட்சி

மூட்டில் வீக்கம் உள்ளவரை, நரம்பு மண்டலம் தொடை முன்தசையின் இயக்கத்தை அனிச்சையாகவே மட்டுப்படுத்துகிறது. இதனால் தசை மெலிகிறது. நடக்கும்போது இரு பாதங்களும் தரையில் ஊன்றியிருக்கும் கணங்கள் உண்டு. ஓட்டத்தில் அவை இல்லை. ஒவ்வோர் அடியிலும் உடல் எடையின் 2 முதல் 3 மடங்கு வரையிலான விசையை ஒற்றைக் கால் தாங்குகிறது. அவ்விசையை உள்வாங்க வேண்டிய தசை வலுவிழந்திருப்பின், மூட்டின் பிற பகுதிகளும் மற்றக் காலும் அச்சுமையை ஏற்க நேர்கிறது. இத்தசை, நாட்கள் கழிவதால் மட்டும் தேறுவதில்லை. படிப்படியான பயிற்சியாலேயே தேறும்.

நாட்கணக்கின் போதாமை

2018இல் ராம்போ குழுவினர் 201 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். அவற்றில் ஓட்டத்திற்கு அனுமதியளிக்கப்பட்ட காலத்தின் இடைநிலை அளவு 12 வாரங்கள். தசை வலிமை, மூட்டின் நிலை, செயல்திறன் போன்ற அளவுகோல்களைக் குறிப்பிட்டவை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

அளவுகோல்களின் பயனை 2016இல் கிரிண்டெம் குழுவினர் 106 பேரிடம் நிகழ்த்திய ஆய்வு காட்டுகிறது. விளையாட்டுக்குத் திரும்புமுன் தேர்வளவுகளை எட்டாதோரில் 38.2 விழுக்காட்டினர் மீண்டும் முழங்காலில் காயமுற்றனர். எட்டியோரில் இது 5.6 விழுக்காடே. மேலும், 9 மாதங்கள் வரை ஒவ்வொரு மாதத் தாமதமும் மறுகாயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. இவ்வாய்வு திடீர்த் திருப்பங்கள் கொண்ட விளையாட்டுகளைப் பற்றியது. நேர்க்கோட்டு ஓட்டத்திற்கு இவ்வெண்களை அப்படியே பொருத்தலாகாது. எனினும், காலமும் தகுதியும் இணைந்தே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்னும் நெறி இரண்டிற்கும் பொதுவானது.

நடைமுறை அளவுகோல்கள்

ஓட்டத்தைத் தொடங்குமுன் முழங்கால் முழுமையாக நீள வேண்டும். வீக்கம் வடிந்திருக்க வேண்டும். ஒற்றைக் காலில் தாழ்ந்து எழும்போது முழங்கால் உட்புறம் சாயக்கூடாது. தொடை முன்தசையின் வலிமை மற்றக் காலினதில் 70 முதல் 80 விழுக்காட்டையேனும் எட்டியிருக்க வேண்டும் எனப் பல பயிற்சி நெறிகள் கூறுகின்றன. ஓய்வுக் காலத்தில் நலமான காலும் மெலிவதால் இவ்வொப்பீடு மட்டும் போதாது. அறுவைக்கு முன்பே இரு கால்களின் வலிமையையும் அளந்து வைப்பது நன்று.

தொடக்கத்தில் 1 நிமிட ஓட்டமும் 2 நிமிட நடையும் மாறிமாறி அமையலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் பயிற்சி போதுமானது. மறுநாள் காலையில் வீக்கமோ வலியோ தோன்றின், சுமை மிகுந்துவிட்டது எனக் கொண்டு முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். இப்படிநிலைகளை மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் அவரவர் நிலைக்கேற்ப வகுக்க வேண்டும்.

முடிவுரை

மருத்துவச் சான்றில் குறித்த ஓய்வுநாள் முடிந்ததும் மாணவரை ஆடுகளத்திற்கு அழைப்பது, ஆறுதலையே தேறுதலாகக் கொள்வதாகும். போட்டி அட்டவணை இத்தவற்றை விரைவுபடுத்தக்கூடும். அதன் விளைவோ இரண்டாம் அறுவை சிகிச்சையாகவும் அமையலாம். எனவே உடற்கல்வித் துறையினர், ‘எத்தனை நாளில் ஓடலாம்?’ என்பதோடு, ‘எவற்றைச் செய்ய இயன்றால் ஓடலாம்?’ என்னும் வினாவையும் எழுப்புதல் வேண்டும். முதல் வினாவுக்கு நாட்காட்டி விடை தரும். இரண்டாவதற்கு அம்மாணவரின் காலை அளந்தே விடை காண இயலும்.