வேகம் எங்கே போயிற்று?

ரௌட்டரின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்ததும் வைஃபை நத்தையாய் ஊர்கிறதா? பதறாதீர்கள்! முதலில் கணினியைக் கம்பி மூலம் ரௌட்டருடன் இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். கம்பியில் வேகம் குறையவில்லையா? அப்படியானால் குறை வானொலி அலைப் பகுதியில்தான் இருக்கிறது.

காரணம் என்ன? புதுப்பிக்கும்போது சில ரௌட்டர்களில் நாம் செய்துவைத்த அமைப்புகள் அழிந்து, தொடக்கநிலை திரும்பிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 1, 6, 11 ஆகிய சேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதில்லை. ஆனால் அண்டை வீட்டு ரௌட்டரும் நம்முடையதும் ஒரே சேனலில் இருந்தால், இரண்டும் மாறி மாறித்தான் பேசவேண்டும்! பாதுகாப்பு முறை 'டிகேஐபி' என்றிருந்தால் வேகம் நொடிக்கு 54 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். 'ஏஇஎஸ்' என மாற்றவேண்டும்.

ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். குற்றவாளி தானே அகப்படும். சோதனைச்சாலையில் நாம் கையாளும் முறையும் இதுவே அல்லவா?