பாடிச் செல்பவரா, பிடிப்பவரா?

மாணவர்களே! கபடிப் பருவம் வந்துவிட்டால் பெங்களூரில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு சங்கடம். வாழும் ஊரின் அணி பெங்களூரு புல்ஸ். வீட்டில் பெரியவர்கள் கைதட்டுவதோ தமிழ் தலைவாஸ் அணிக்கு. எந்த அணியை ஆதரித்தாலும், நம் கண் முதலில் செல்வது ‘கபடி, கபடி’ என்று பாடிக்கொண்டு எதிரணிக் களத்துள் நுழைபவர் மீதுதான். வர்ணனையாளர்கள் அவரை ரெய்டர் என்பர்; நாம் பாடிச் செல்பவர் என்போம். அவரை மடக்கக் காத்து நிற்போர் பிடிப்பவர்கள். கோப்பையை வென்று தருவோர் இவர்களுள் யாவர்?

பாடிச் செல்பவரே என்போர்க்கு நம் ஊர் அணியே சான்று. 2019 சனவரி 5 அன்று மும்பையில் நடந்த புரோ கபடி லீக் இறுதிப் போட்டியில், முதல் பாதி முடிவில் புல்ஸ் அணி குஜராத் அணியிடம் 9-16 எனப் பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடிந்தபோதோ 38-33 என வென்றிருந்தது. அந்த 38 புள்ளிகளில் 22 பவன் செராவத் என்னும் ஒருவர் எடுத்தவை! ஏலத்தில் இத்தகையோர்க்குக் கோடிகளைக் கொட்டுவதில் வியப்பில்லை.

ஆயினும் விளையாட்டின் விதியைச் சற்று உற்று நோக்குங்கள். ஒருவரைத் தொட்டுத் திரும்பினால் ஒரு புள்ளி. பாடி வந்தவரைப் பிடித்தாலும் ஒரு புள்ளி. கணக்கில் இரண்டும் சமம். ஆனால் பிடிபட்டவர் களத்தை விட்டு வெளியேறி அமர வேண்டும். அவருடைய அணி, எதிரணியினர் ஒருவரை வெளியேற்றினால்தான் வெளியில் இருப்போருள் ஒருவர் உள்ளே வர முடியும். அதுவும் வெளியேறிய வரிசைப்படியே. அணியின் தலைசிறந்த வீரர் அமர்ந்திருக்க, அவரை மீட்கும் வேலை அவரினும் குறைந்த திறமுடையோர் தலையில் விழுகிறது. ஒரு பிடியின் உண்மையான விலை அந்த ஒரு புள்ளியில் இல்லை. அவர் அமர்ந்திருக்கும் மணித்துளிகளில் இருக்கிறது.

பிடிப்பதில் இடர் மிகுதி என்பதையும் மறுப்பதற்கில்லை. பாடிச் செல்பவர் பிடிபட்டால் இழப்பு ஒருவர். அவசரப்பட்டு மூவர் பாய்ந்து, அவர் நழுவி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் மூவரும் வெளியே! ஆகவே நல்ல பிடிப்பவர்க்குப் பாய்வதைக் காட்டிலும் பொறுப்பதே கடினமான பாடம். தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் அத்தகையவர். 2016இல் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வென்றபோது அணித்தலைவர் அவரே. அவ்வணியில் புள்ளிகளைக் குவித்த பர்தீப் நர்வாலின் பெயரைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கின்றனர்.

2022 அக்டோபரில் நம் கண்டீரவா உள்ளரங்கில் நடந்ததைக் கேளுங்கள். தமிழ் தலைவாஸ் அணி 2 கோடியே 26 இலட்சம் ரூபாய்க்கு எடுத்திருந்த அதே பவன் செராவத், முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயமுற்றார். அப்பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. தலைவாஸ் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் அந்தப் பருவத்தில்தான் அவ்வணி முதன்முறையாக அரையிறுதியை எட்டியது. நரேந்தர் என்னும் புதிய இளைஞர் பாடிச் சென்று 200க்கும் மேற்பட்ட புள்ளிகள் சேர்த்தார் என்பது உண்மையே. ஆயினும் சாகர், சாகில் குலியா போன்றோரின் பிடிகள் இல்லையேல் அப்புள்ளிகள் வெற்றியாக மாறியிருக்குமா?

2024இல் இரண்டு இறுதிப் போட்டிகள் நடந்தன. மார்ச்சில் புனேரி பல்தான் 28-25 என வென்றது. டிசம்பரில் அரியானா ஸ்டீலர்ஸ் 32-23 என வென்றது. புள்ளிகள் எவ்வளவு குறைவு, பாருங்கள்! இரு வெற்றி அணிகளிலும் இருந்தவர் ஈரானைச் சேர்ந்த முகமதுரேசா ஷாத்லூயி. பிடிப்பதில் பெயர் பெற்றவர். டிசம்பரில் தோற்ற பாட்னா அணியிலோ, அப்பருவத்தில் பாடிச் சென்று எவரினும் மிகுதியான புள்ளிகள் எடுத்த தேவங்க் தலால் இருந்தார். இதே ஷாத்லூயி பாட்னாவுக்கு ஆடிய 2022 பிப்ரவரியில், நம் ஒயிட்ஃபீல்டில் நடந்த இறுதியில் தில்லி அணியிடம் 36-37 எனத் தோற்றதும் உண்டு. எனினும் என் வாக்கு பிடிப்பவர்க்கே.

செயல்பாடு: அடுத்த கபடி ஆட்டத்தைக் காணும்போது கடிகாரத்தை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இரு அணிகளின் சிறந்த ரெய்டர்களும் எத்தனை நிமிடம் களத்துக்கு வெளியே அமர்ந்திருந்தனர் என்று குறியுங்கள். அக்கணக்கை ஆட்டத்தின் முடிவோடு ஒப்பிட்டு, உங்கள் வாக்கு யாருக்கு என்பதைப் பத்து வரிகளில் எழுதுக.