கண்விழித்துக் கண்ட ஆட்டங்கள்

கண்டி மாநகரத்தார் றக்பி ஆட்டத்தில் பித்துக் கொண்டவர்கள் என்பது யாவரும் அறிந்த சங்கதி. அதே ஊரில் அறுபத்து நான்கு கட்டங்களுக்காக உறக்கத்தைத் துறந்த சிலரும் இருக்கிறோம் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். எம்போன்றோருக்கு 2024ஆம் ஆண்டு ஒரு பொற்காலம். சென்னை வேலம்மாள் பாடசாலையில் பயின்ற குகேஷ், பிரக்ஞானந்தா ஆகிய இருவரும் உலகத்தின் கண்கள் அனைத்தையும் தம்பால் இழுத்துக்கொண்ட ஆண்டு அது. அவ்வாண்டின் ஆட்டங்களுள் தலைசிறந்தது எது என்று கட்டுக்கலைத் தேநீர்க் கடையொன்றில் நானும் என் நண்பர் ஒருவரும் தொடங்கிய வாதம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

நண்பர் ஓய்வுபெற்ற கணக்காளர். ஒரு சதம் பிசகினாலும் பொறாதவர். பிழையில்லாத ஆட்டமே சிறந்த ஆட்டம் என்பது அவர் கட்சி. ஆடுகின்றவனின் நெஞ்சு எந்த ஆட்டத்தில் வெளிப்படுகிறதோ அதுவே சிறந்தது என்பது என் கட்சி.

ஆகையினால்தான் என் தெரிவில் முதலாவதாக ஒரு தோல்வியை வைத்தேன். உலக வீரருடன் மோதும் உரிமை யாருக்கு என்பதை முடிவுசெய்யும் போட்டி அவ்வாண்டு ஏப்ரலில் கனடாவின் ரொறன்ரோ நகரில் நடைபெற்றது. எண்மர் ஆடினர், ஒவ்வொருவரும் மற்றவரை இருமுறை சந்திக்க, மொத்தம் பதினான்கு சுற்றுகள். அங்கே பிற்பகல் இரண்டரை மணி என்றால் இங்கே சரியாக நள்ளிரவு. சித்திரைப் புத்தாண்டுக்குப் பலகாரம் சுட்டுக் களைத்த வீட்டார் உறங்கிய பின், கைத்தொலைபேசியின் ஒளியில் ஏழாவது சுற்றைக் கண்டேன். நேரம் நெருக்க, பதினேழு வயதுக் குகேஷ் பிரான்சின் பிரூஜாவிடம் தோற்றார். மறுநாள் ஓய்வு நாள். அந்தத் தோல்விக்குப் பின்னரே தமக்கு உறுதி பிறந்தது என்று அவர் பின்னாளில் கூறினார். பதின்மூன்றாம் சுற்றில் அதே பிரூஜாவை வென்று தனித்து முன்னிலைக்கு வந்தார். இவ்விரண்டையும் சேர்த்து ஓர் ஆட்டமாகவே நான் எண்ணுகிறேன். ஒன்றைத் தனியே பார்ப்பவர் பாதியையே பார்த்தவராவார்.

இறுதிச் சுற்றில் குகேஷ் நகமுராவுடன் சமநிலை கண்டுவிட்டு, பயிற்சியாளருடன் வெளியே உலாவச் சென்றார். கருவானாவும் நெப்போம்னியாச்சியும் ஆடிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் வென்றால் குகேஷுடன் சமப்புள்ளி பெறுவார். மீண்டும் ஒரு மோதல் வேண்டியிருக்கும். கருவானா வெற்றியைக் கைக்கு எட்டும் தூரத்தில் கண்டும் நழுவவிட்டார். 109 நகர்த்தல்களின் பின் அதுவும் சமநிலையில் முடிந்தபோது கண்டியில் பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. இத்துணை இளம் வயதில் இப்போட்டியை வென்றவர் அதற்கு முன் எவருமிலர்.

மே மாதத்தில் நோர்வேயின் ஸ்ரவாங்கர் நகரில் பிரக்ஞானந்தா கார்ல்சனை நெடுநேர ஆட்டத்தில் முதன்முறையாக வென்றதை நண்பரும் நானும் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டோம். வாதமில்லாத இடத்தில் நீட்டி எழுதுவானேன்?

செப்ரெம்பர் 21ஆம் திகதியை இலங்கையர் மறக்கமாட்டார்கள். ஜனாதிபதித் தேர்தல் நாள். இரவு பத்து மணிக்கு ஊரடங்குச் சட்டம் வந்தது. வீதிகள் வெறிச்சோடின, அயல்வீடுகளில் வாக்கு எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டிருந்தனர். அன்று புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டின் பத்தாவது சுற்றில் குகேஷ் அமெரிக்காவின் கருவானாவை வென்றார். மறுநாள் இந்தியா ஆடவர், மகளிர் இரு பிரிவிலும் தங்கம் கொண்டது. ஒரு காதால் மாவட்ட முடிவுகளையும் மறு காதால் நகர்த்தல்களையும் கேட்ட அந்த இரவில், ஆட்டத்தின் நுட்பத்தை நான் முற்றும் உணர்ந்தேன் என்று சொன்னால் அது பொய்.

எங்கள் வாதம் முற்றியது சிங்கப்பூர்ப் போட்டியில்தான். உலக வீரர் சீனத்து டிங் லிரென், எதிரே குகேஷ். டிசெம்பர் 8ஆம் திகதி பதினோராவது ஆட்டத்தில் டிங் பெரும்பிழை செய்து தோற்றார். மன உளைச்சலாலும் உறக்கமின்மையாலும் அவர் வருந்திய கதை உலகறிந்தது. இனி எழமாட்டார் என்றே பலர் எண்ணினர். மறுநாளே வந்தமர்ந்து, பன்னிரண்டாவது ஆட்டத்தில் குகேஷை மெல்ல மெல்ல நெருக்கி, 39 நகர்த்தல்களில் வென்றார். நண்பரே, நீர் தேடிய பிழையற்ற ஆட்டம் இதோ என்றேன். மனிதர் தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி மௌனமானார். நம் பிள்ளை தோற்ற ஆட்டத்தை எப்படி முதலில் வைப்பது என்று சிறிது நேரங்கழித்து முணுமுணுத்தார். கணக்காளருக்கும் இரத்தபாசம் உண்டு போலும்!

என் தெரிவோ, டிசெம்பர் 12இல் நடந்த பதினான்காவது ஆட்டம். புள்ளிகள் சமம். டிங் சமநிலையே போதும் என்று அரண் காத்து நின்றார். அவ்வித ஆட்டத்தை எங்கள் ஊர் நன்கறியும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் மோதியும் நிலைக்காத கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தது, மலையரண் இடிந்தமையால் அன்று. உள்ளிருந்த பிரதானிகள் பக்கம் மாறியமையால். குகேஷிடம் ஒரேயொரு காலாள் மிகுதி. அதை வைத்துக்கொண்டு, சமநிலைக்கு இணங்காமல், மணிக்கணக்காக அரணைத் தட்டிக்கொண்டிருந்தார். 55ஆவது நகர்த்தலில் டிங் தம் கோட்டையை மாற்றுக்கு நீட்டினார். கோட்டைகள் மாறின, மூலையில் நின்ற டிங்கின் மந்திரியும் மாற்றுக்குத் தப்ப வழியின்றிப் போயிற்று. எஞ்சியவை அரசர்களும் காலாட்களும். அங்கே அந்த ஒற்றைக் காலாளே ராச்சியத்தைத் தீர்த்துவிடும்.

சிறுபிள்ளைத்தனமான பிழையால் பட்டம் கைமாறியதே என்று முன்னாள் உலக வீரர் கிராம்னிக் கடிந்துகொண்டார். நண்பரும் அவர் பக்கமே. பிழை டிங்குடையது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சலித்துப்போய்க் கை குலுக்கியிருக்கக்கூடிய ஓரிடத்தில் இன்னும் ஒரு நகர்த்தல், இன்னும் ஒரு நகர்த்தல் என்று அமர்ந்திருந்த பதினெட்டு வயதினன் அல்லவா அப்பிழைக்கு இடம் உண்டாக்கியவன்?

டிங் தோல்வியை ஏற்றுக் கையொப்பமிட்டுச் சென்ற பின், குகேஷ் முகத்தைப் பொத்தி அழுதார். பிறகு, கண்ணீர் காயுமுன்பே, சிதறிக் கிடந்த காய்களை ஒவ்வொன்றாய் எடுத்து அவற்றுக்குரிய கட்டங்களில் மீண்டும் அடுக்கி வைத்தார். அந்தக் காட்சியைக் காட்டினேன். நண்பர் இருமுறை பார்த்தார். ஆனாலும் பன்னிரண்டாவது ஆட்டந்தான் சுத்தமான ஆட்டம் என்று சொல்லிவிட்டு, தேநீருக்குரிய காசைத் தாமே கொடுத்தார்.