மரச்சுவருக்குள் நடந்த கல்யாணம்

இங்கிலாந்தின் எசெக்ஸ் வட்டாரத்தில், வயல்களுக்கு நடுவே கிரீன்ஸ்டெட் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள தேவாலயம் உலகின் மிகப் பழைய மரத் தேவாலயங்களுள் ஒன்று. ஓக் மரங்களை நெடுகப் பிளந்து, பக்கம் பக்கமாக நிறுத்தியதே அதன் பழைய சுவர். பிளந்த பக்கம் உள்ளே. உருண்ட பக்கம் வெளியே.

மர வளையங்களை ஆராய்ந்தவர்கள், அவை 1063-க்கும் 1108-க்கும் இடையே வெட்டப்பட்டவை எனக் கணித்தனர். அடிப்பாகம் உளுத்துப்போகவே, 1848-ஆம் ஆண்டு வாக்கில் அதை அறுத்துவிட்டு, செங்கல் மேடை கட்டி மரங்களை அதன்மேல் நிறுத்தினர்.

உழைத்துப் பிழைக்கும் நமக்கு இக்கோயில் நெருக்கமாக வேறொரு காரணமும் உண்டு. டோல்பட்டில் என்ற ஊரின் பண்ணைக் கூலிகள், கூலிக் குறைப்பை எதிர்த்துச் சங்கம் அமைத்தனர். சங்கத்தில் சேர இரகசியச் சத்தியம் வாங்கியது குற்றமாம்! 1834-இல் அறுவருக்கு ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை. கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நாடெங்கும் மக்கள் கொதித்தெழுந்தனர். 1836-இல் மன்னிப்பு வந்தது. திரும்பியவர்களில் சிலருக்கு, பொதுமக்கள் திரட்டிய பணத்தில் கிரீன்ஸ்டெட்டில் குத்தகைப் பண்ணை கிடைத்தது. அவர்களுள் இளைஞரான ஜேம்ஸ் பிரைன், தம்மோடு தண்டனை அனுபவித்த தாமஸ் ஸ்டான்ஃபீல்டின் மகள் எலிசபெத்தை 1839-இல் இந்தத் தேவாலயத்தில்தான் கைப்பிடித்தார்.

மன்னர்கள் கட்டிய கோயில்கள் ஆயிரம் உண்டு. கூலி உயர்வு கேட்டுக் கடல்கடந்தவன் மாலையும் கழுத்துமாக நின்ற கோயில் இது.